பிள்ளையை மட்டும் கூட்டி வராதீர்கள்

(வானொலி மறையுரை. வாசகம்: மாற்கு 9:14-29)



இன்று நமது சிந்தனைக்கு மாற்கு நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டோம். இயேசு உருமாறிய மலையிலிருந்து இறங்கி வருகிறார். அடிவாரத்தில் பெருங்கூட்டம். சீடர்களும் மறைநூல் அறிஞர்களும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். காரணம் ஒரு பையன். அவனுக்குப் பேச்சு வரவில்லை. கீழே விழுகிறான், நுரை தள்ளுகிறான், பல்லைக் கடிக்கிறான், விறைத்துப் போகிறான். ஆளாளுக்கு அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். அவனைக் கவனிப்பார் யாருமில்லை.

பையனைத் தம்மிடம் கொண்டுவரச் சொல்கிறார் ஆண்டவர். கொண்டுவந்தவுடன் அவன் தரையில் விழுந்து புரளுகிறான். அந்த நேரத்தில் நாமாக இருந்தால் என்ன செய்வோம்? பதறுவோம், முகத்தில் தண்ணீர் தெளிப்போம், கையில் இரும்புச் சாவியைத் திணிப்போம். இயேசு அவனுடைய தந்தையின் பக்கம் திரும்பி, எவ்வளவு காலமாக இவன் இப்படி இருக்கிறான் என்று கேட்கிறார். குணமாக்கும் வல்லமை உள்ளவர், நேரே குணமாக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தத் தந்தையைப் பேச வைக்கிறார். அவரும் பேசுகிறார்: சிறு வயதிலிருந்தே இப்படித்தான், பலமுறை தீயிலும் தண்ணீரிலும் விழுந்திருக்கிறான் என்கிறார். எத்தனை இரவு அந்த மனிதர் தூங்காமல் இருந்திருப்பார், அடுப்பங்கரைக்கும் கிணற்றடிக்கும் மகனுக்குப் பின்னாலேயே ஓடியிருப்பார் என்று அந்த ஒரு வரியில் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அடுத்து அவர் கேட்கும் உதவியைக் கவனியுங்கள். இதே நிகழ்வை எழுதும் மத்தேயு, தன் மகனுக்கு இரங்கும்படி தந்தை வேண்டியதாக எழுதுகிறார். மாற்கு எழுதுவது வேறு. எங்கள்மீது மனமிரங்கும், எங்களுக்கு உதவும் என்று தந்தை கேட்டதாக எழுதுகிறார். 'அவனுக்கு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'எங்களுக்கு' என்ற பன்மை. இதைக் கைதவறி விழுந்த பன்மை என்று நாம் நினைக்கவில்லை. நோய் மகனுக்கு, விழுந்து கிடப்பது வீடு முழுவதும். இன்றைக்கு நாம் பேசப்போவது இந்தப் பன்மையைப் பற்றித்தான்.

அன்பானவர்களே, எந்தப் பங்கிலும் காணக்கூடிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. ஆகவே உங்கள் தெருவில் தேட வேண்டாம். ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன். நன்றாகப் படித்தவன். இரண்டு மாதமாகப் பள்ளிக்குப் போவதில்லை. காலை ஏழு மணியானால் வயிற்றுவலி. பத்து மணிக்கு, பள்ளி மணி அடித்த பிறகு, வலி போய்விடுகிறது. மருத்துவரிடம் காட்டினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்று ஆனவுடன் அப்பா பெல்ட்டை எடுத்தார். பாட்டி, இது யாரோ செய்துவைத்த வேலை என்றாள். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்குக் கூட்டிப்போனார்கள். உபவாச செபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒருவர் கயிறு மந்திரித்துக் கட்டினார். கடைசியில் பங்குத்தந்தையின் அறைக்கு வந்து அம்மா சொல்லுவாள்: "சாமி, இவன் தலையில கைய வச்சு செபிங்க சாமி."

செபிக்கத்தான் வேண்டும், செபிக்கிறோம். அதன்பின் இயேசு கேட்ட அதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். எப்போதிலிருந்து அம்மா? அந்தத் தாய் யோசித்துச் சொல்லுவாள்: "அவங்க அப்பா துபாயிலேர்ந்து வேலையை விட்டுட்டு வந்தாங்கல்ல, அதுக்கப்புறம்தான் சாமி." அப்பா வீட்டில் இருக்கிறார், வேலை இல்லை, பகலிலேயே குடிக்கிறார். வாங்கிய கடனுக்கு வாரந்தோறும் ஆள் வந்து வாசலில் நிற்கிறான். ஒருநாள் அப்பா அம்மாவை அடித்ததைப் பையன் பார்த்திருக்கிறான். தான் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தை அவனால் வாயால் சொல்ல முடியவில்லை. வயிறு சொல்கிறது. அந்த வலி நடிப்பல்ல. பரீட்சைக்கு முன் நமக்கெல்லாம் வயிறு கலங்கியதில்லையா? அவனுக்குத் தினமும் பரீட்சை. ஏழு மணிக்கு வந்து பத்து மணிக்குப் போகிற வலி, வீட்டில் காவலுக்கு இருக்க அனுமதி கிடைத்தவுடன் போகிற வலி.

பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைகள் பலர் பள்ளியைக் கண்டு பயப்படுவதைவிட வீட்டை விட்டு வரப் பயப்படுகிறார்கள் என்பதைக் குழந்தை மனநல மருத்துவர்கள் நீண்ட காலமாக அறிந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பையனை மட்டும் ஒரு அறைக்குள் அனுப்பி, சரிசெய்து தாருங்கள் என்று நாம் வெளியே உட்கார்ந்துகொண்டால் பாதி வேலைகூட நடக்காது. அவன் சரியாகி வந்து சேரப்போவது அதே வீட்டுக்கு.

அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது என்பது நம் மக்கள் பலருக்குத் தெரியாது. கவுன்சிலிங் என்றால் அறிவுரை என்று நினைத்துக்கொள்கிறோம். யாரோ ஒரு மேடம் பிள்ளையை உட்காரவைத்து, நன்றாகப் படி, அம்மா சொல்வதைக் கேள் என்று சொல்லி அனுப்புவார் என்று எண்ணுகிறோம். அதைச் செய்ய அத்தை மாமாக்களே போதும்; வீட்டுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்று ஒரு நல்ல சொல்லை வைத்திருக்கிறோம். இலங்கைத் தமிழர் உளவளத்துணை என்கிறார்கள். துணை என்ற சொல் நமக்குப் பிடித்திருக்கிறது. ஒருவர் கூட நடக்கிறார் என்பதை அது சொல்லிவிடுகிறது.

பெரியவர்கள் தங்கள் துன்பத்தைச் சொல்லி ஆற்றுவார்கள். குழந்தைகள் விளையாடி ஆற்றுவார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற உளவியலாளர் 1947-இல் விளையாட்டுச் சிகிச்சை பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் வகுத்த முறையில், பொம்மைகள், களிமண், வண்ணங்கள் நிறைந்த அறையில் எதை எடுத்து விளையாடுவது என்று தீர்மானிப்பது குழந்தைதான். சிகிச்சையாளர் அவசரப்படுத்த மாட்டார், துருவித் துருவிக் கேட்க மாட்டார். குழந்தை முன்னே நடக்க, அவர் பின்னே செல்வார். லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற குழந்தை மருத்துவர் ஒரு தட்டில் மணலைப் பரப்பி, சிறுசிறு வீடுகள், மனிதர்கள், விலங்குகள், வேலிகள் எல்லாம் வைத்துவிட்டார். பிள்ளைகள் அதில் தங்கள் உலகத்தைக் கட்டினார்கள். அப்பா பொம்மையை மணலுக்குள் புதைக்கும் குழந்தை, தங்கச்சி பொம்மையைச் சுற்றி மட்டும் வேலி போடும் குழந்தை, எல்லாரையும் வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நாயை மட்டும் உள்ளே வைக்கும் குழந்தை என்று அந்தத் தட்டில் என்னென்னவோ தெரியவரும். பயிற்சி இல்லாத நாம் இதைப் பார்த்து உடனே பொருள் சொல்லக் கிளம்பிவிடக் கூடாது. கனவுக்குப் பலன் சொல்லும் கதையாகிவிடும். பயிற்சி பெற்றவர்கூட ஒரு நாள் பார்த்து முடிவுகட்ட மாட்டார்.

அடுத்ததுதான் வீட்டாரோடு சேர்த்துச் செய்யும் சிகிச்சை. அர்ஜென்டினாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, பிற்பாடு அமெரிக்காவில் பணிபுரிந்த சால்வடோர் மினுச்சின் என்ற மருத்துவர் இதில் முன்னோடி. 2017-இல் தமது 96-ஆம் வயதில் காலமானார். நியூயார்க்கில் ஏழைச் சிறுவர்களிடையே வேலை செய்தபோது, சிறுவனைத் தனியாக வைத்துத் திருத்துவது போதவில்லை என்று கண்டு, குடும்பத்தை மொத்தமாக ஒரே அறைக்கு அழைத்தார். அழைத்துவிட்டு, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்ப்பார். அப்பா ஓர் ஓரம், அம்மா ஓர் ஓரம், நடுவில் பிள்ளை. அம்மாவிடம் கேட்ட கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்லும். அப்பா பேசத் தொடங்கினால் அம்மா பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள். அப்போது அவர் எழுந்து நாற்காலியை மாற்றிப் போடச் சொல்வார். கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள், பிள்ளை இந்தப் பக்கம் தம்பி தங்கையோடு உட்காரட்டும் என்பார்.

நாற்காலியை நகர்த்துவது ஒரு சிகிச்சையா என்று சிரிக்கத் தோன்றும். நம் வீட்டை எண்ணிப் பார்ப்போம். "உங்க அப்பாகிட்ட போய்ச் சொல்லு, அரிசி தீர்ந்துபோச்சுன்னு." "உங்க அம்மாவைக் கேளு, சாவிய எங்க வச்சான்னு." ஒரே அறைக்குள் நிற்கிற இரண்டு பேருக்கு நடுவே ஒன்பது வயதுப் பிள்ளை தபால்காரனாக ஓடுகிறது. கோபத்தில் கணவன் மனைவி பேசாமல் இருக்கும் நாள்களில் அந்தக் குடும்பத்தின் முழுப் பாரமும் அந்தப் பிள்ளையின் தோளில். பிள்ளை நடுவிலிருந்து எழுந்து, பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து, பெரியவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே பேசிக்கொள்ளத் தொடங்கும்போது பல வீடுகளில் வயிற்றுவலியும் படுக்கையில் சிறுநீர் கழிப்பதும் குறையத் தொடங்குகின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற திருத்தூது ஊக்கவுரையில், பிரிந்து வாழும் பெற்றோரைப் பார்த்து, பிள்ளையைப் பிணைக்கைதி ஆக்காதீர்கள் என்று மன்றாடியிருக்கிறார். ஒரே கூரையின்கீழ் வாழும் பெற்றோரும் அதைத் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம்.

மினுச்சினும் அவருடைய குழுவினரும் பிலடெல்பியா நகரில் செய்த இன்னொன்றும் நமக்குச் சுவையானது. பட்டம் இல்லாத, அதே ஏழைப் பகுதியில் வாழ்கிற சாதாரண மக்களைத் தேர்ந்தெடுத்து, குடும்பங்களுக்கு உதவும் பயிற்சி கொடுத்தார்கள். அன்பியங்களை வைத்துக்கொண்டு செபமாலை மட்டும் சொல்லிக் கலைந்துபோகிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெற்றோருக்குப் பயிற்சி தருவது மற்றொரு வழி. ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் 1970-களில் ஒரு முறையை உருவாக்கினார். தாயும் பிள்ளையும் ஓர் அறையில் விளையாடுவார்கள். தாயின் காதில் ஒரு சிறு கருவி இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிற சிகிச்சையாளர், இப்போது பாராட்டுங்கள், இப்போது கேள்வி கேட்காதீர்கள், அவன் செய்வதைச் சும்மா சொல்லுங்கள் என்று தாயின் காதுக்குள் சொல்வார். வீட்டில் செய்யத் தரும் பாடம் இது: ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பிள்ளையோடு விளையாட வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் கட்டளை இல்லை, கேள்வி இல்லை, குறை சொல்வது இல்லை. பிள்ளை சொல்கிறபடி விளையாட வேண்டும். அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நன்றாகச் செய்ததை இன்னதென்று சொல்லிப் பாராட்ட வேண்டும். எளிதாகத் தெரிகிறதா? இன்று மாலை முயன்று பாருங்கள். வீட்டுப்பாடம் முடித்தாயா, கையைக் கழுவினாயா, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று ஒரு நிமிடத்துக்குள் நம் வாய் மூன்று தடவை திறந்துவிடும். தொலைபேசியைக் கீழே வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

வீட்டாரைச் சேர்த்துக்கொள்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் தாயைப் பிரிந்து எட்டு நாள் இருந்த ஓர் இரண்டு வயதுக் குழந்தையை 1952-இல் திரைப்படமாக எடுத்துக் காட்டியபிறகுதான், பெற்றோர் பிள்ளையோடு இருக்கலாமா என்று அங்கே தீவிரமாக விவாதித்தார்கள். அதே 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்துக்குள் கூடாரங்களை அடித்து, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில், 1957-இல் தொடங்கிய காலத்திலிருந்தே, உறவினர் கூடத் தங்குவது வழக்கம். அங்கே 'நம்பிக்கை நிலையம்' என்ற பிரிவில் வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளோடு தாய்மாரும் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். தாயைச் சிகிச்சையாளராக்கி அனுப்புகிறார்கள். பெயரை யார் வைத்தாரோ, மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்தவராக இருக்க வேண்டும். நம்புகிறேன் என்றும், நம்பிக்கையின்மை நீங்க உதவும் என்றும் ஒரே மூச்சில் கதறியவர் அந்தப் பையனின் தந்தைதானே!

பெருந்துயரங்கள் வரும்போது ஊரே ஒரு குடும்பமாகிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிறு காலை. நாகை, வேளாங்கண்ணி, குளச்சல் கரைகளில் நடந்ததை இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பலர் கண்ணால் கண்டவர்கள். பேரழிவைக் கண்ட குழந்தைகள் அதையே திரும்பத் திரும்ப விளையாடுவார்கள். மணல் வீடு கட்டி, அலை வருகிறது என்று கத்தி, தாங்களே அதை இடிப்பார்கள். பெரியவர்கள் அதைப் பார்க்க முடியாமல் அதட்டி நிறுத்துவார்கள். அந்த நாள்களில் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தார் கடலோர ஊர்களில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். படம் வரையவும், விளையாடவும், பேசவும் பிள்ளைகளை விட்டு, அருகில் ஒரு பெரியவர் கலங்காமல் உட்கார்ந்திருக்கப் பழகினார்கள்.

அதற்கு முன்பே, போர்க்காலத்தில், ஈழத்தின் மட்டக்களப்பில் 1996-இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. சேசு சபைக் குருவான அருட்தந்தை போல் சற்குணநாயகமும், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் அதற்கு வித்திட்டவர்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள், செடிகளோடும் விலங்குகளோடும் இருந்தார்கள். வெளியே அந்த இரண்டு சமூகத்தின் பெரியவர்களும் ஒருவரையொருவர் அஞ்சிய காலம் அது. ஒரு குரு தம் மேய்ப்புப்பணியின் மையத்திலேயே இதைச் செய்தார் என்பதை நாங்கள் குருக்கள் நன்றியோடு நினைக்கிறோம்.

இப்போது உங்களில் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். இந்தப் பகுதியின் கடைசியில், இவ்வகைப் பேயை இறைவேண்டலால் மட்டுமே வெளியேற்ற முடியும் என்ற பொருளில் இயேசு சொல்கிறாரே, நீங்கள் என்ன ஸ்கேன், பொம்மை, நாற்காலி என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள்? நேர்மையான கேள்வி. அந்தச் சொல் யாரிடம் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். நோயுற்ற பையனிடமோ, தந்தையிடமோ ஆண்டவர் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்குள் போனபின், தனியாகக் கேட்ட சீடர்களிடம் சொன்னார். விழுந்து கிடக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு வாதம் செய்தவர்கள் அவர்கள். உதவி செய்ய வருகிறவர்கள் செபிக்கிறவர்களாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சொல்லின் பாரம். மருத்துவத்தை விலக்க அதை எடுத்து வீசுவது ஆண்டவர் சொன்னதைத் தவறான வாசலில் கொண்டுபோய் வைப்பதாகும். மத்தேயு இப்பையனின் நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல் நிலவோடு தொடர்புடையது. அக்காலத்தார் வலிப்பு நோயை அப்படி அழைத்தார்கள். ஆகவே வலிப்புக்கு மாத்திரை உண்ணும் பிள்ளைக்கு, செபக்கூட்டத்தில் குணமாகிவிட்டது என்று யாராவது சொல்லி, நீங்கள் மாத்திரையை நிறுத்தினால் அது உயிருக்கே ஆபத்து. நிறுத்தவோ குறைக்கவோ மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

திருச்சபையின் போதனை இதில் தெளிவாக இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1673-ஆம் எண்ணில், மனநோய் என்பது வேறு, அதைக் கவனிப்பது மருத்துவ அறிவியலின் வேலை என்கிறது. பேயோட்டுவதற்கு முன், இது நோய் அல்ல என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்கிறது. அந்தச் சடங்கையும் ஆயரின் அனுமதி பெற்ற குரு மட்டுமே செய்யலாம். தெருமுனையில் ஒலிபெருக்கி வைத்து ஒரு பத்து வயதுப் பெண்ணின் முடியைப் பிடித்து ஆட்டுகிறவர்களுக்கு இந்த அனுமதியை யார் கொடுத்தார்கள் என்று கேட்கும் துணிவு நமக்கு வர வேண்டும். சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் இன்னும் எளிமையாக வழிசொல்கிறது: நோயில் முதலில் ஆண்டவரிடம் வேண்டு, பிறகு மருத்துவருக்கும் இடம் கொடு, அவரையும் படைத்தவர் ஆண்டவரே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தமக்கு 42 வயதானபோது, யூதப் பெண்மணியான ஓர் உளப்பகுப்பாய்வாளரிடம் ஆறு மாதம் வாரந்தோறும் சென்றதாக 2017-இல் வெளிவந்த நேர்காணல் நூலில் வெளிப்படையாகச் சொன்னார். இவ்வளவு பேருக்கு நடுவில், நம் ஊர்க்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவைத்திருக்கிறோம். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே திரைப்படங்களில் கேலிச்சொல்லாக்கிச் சிரித்தவர்கள் அல்லவா நாம்!

ஊர்க்காரர்கள் என்றதும் இன்னொரு வீடு நினைவுக்கு வருகிறது. தொழுகைக்கூடத் தலைவர் யாயீரின் வீடு. பன்னிரண்டு வயது மகள் படுக்கையில். வீடு நிறைய அழுது புலம்பும் கூட்டம். இயேசு கூட்டத்தை வெளியே அனுப்புகிறார். தகப்பனையும் தாயையும் தம் சீடர் மூவரையும் மட்டும் உள்ளே அழைத்துப்போகிறார். சிறுமி எழுந்தபின், நடந்ததை ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்கிறார். அவளுக்கு உண்ணக் கொடுங்கள் என்கிறார். இதைவிட நல்ல சிகிச்சை அறை வேறு ஏது? கருத்துச் சொல்ல வரும் கூட்டம் வெளியே, பெற்றோர் இருவரும் உள்ளே, நடந்தது நான்கு சுவருக்குள், பிள்ளைக்குச் சாப்பாடு. சித்தப்பா, பெரியப்பா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் நல்லவர்கள்தான். அவர்களைக் கொஞ்ச நாள் வாசலில் நிறுத்திவைப்பது பாவமாகாது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். எல்லாரையும் ஒன்றாக உட்காரவைப்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. பிள்ளையை அடித்துக் காயப்படுத்துகிறவரோ, தவறாகத் தொடுகிறவரோ வீட்டுக்குள்ளேயே இருந்தால், அவரையும் பிள்ளையையும் ஒரே அறையில் வைத்துச் சமாதானம் பேசுவது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் இரண்டாவது கொடுமை. அங்கே முதல் வேலை பிள்ளையைப் பாதுகாப்பது. 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, பாலியல் வன்முறை நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். குடும்ப மானம், பங்கின் பெயர், பள்ளியின் பெயர் எதுவும் அதற்குத் தடையாக முடியாது. தவறு செய்தவர் கோவிலில் எந்தப் பொறுப்பில் இருந்தாலும் இதே சட்டம்தான். 1098 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கே மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம், நம் மாநிலத்தில் திருச்சியில் முதலில் தொடங்கியது, இன்று மற்ற மாவட்டங்களிலும் நடக்கிறது. வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தனியாரிடம் போவதானால், என்ன படித்தீர்கள், குழந்தைகளோடு வேலை செய்யப் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். பலகை மாட்டியவர் எல்லாம் சிகிச்சையாளர் ஆகிவிட மாட்டார். ஒரே வாரத்தில் மாற்றிக்காட்டுகிறேன் என்கிறவரிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். சில பிள்ளைகளுக்கு மாத்திரையும் தேவைப்படும், அதில் வெட்கம் இல்லை. பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அது விளையாட்டுக்குச் சொன்னது என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே போங்கள்.

தந்தையரே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. நற்செய்தியில் பிள்ளைக்காக இயேசுவிடம் வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். யாயீர் ஒரு தகப்பன். கப்பர்நாகூமின் அரச அலுவலர் ஒரு தகப்பன். மலையடிவாரத்தில் நின்றவர் ஒரு தகப்பன். சீரோபெனிசியப் பெண்மணி ஒரு தாய். நம் மருத்துவமனை வரிசைகளிலோ தாய்மார் மட்டும் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தகப்பன் எங்கே என்றால் வேலைக்குப் போயிருக்கிறார் என்கிறார்கள். ஒருநாள் கூலி போகும், உண்மைதான், நாங்கள் அறியாததல்ல. அந்த ஒரு நாளைக்கு அன்பியமோ வின்சென்ட் தே பவுல் சபையோ கைகொடுக்க முடியுமா என்று பங்கில் கேட்டுப் பார்க்கலாம். குடியை விட முடியவில்லை என்றால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது, அதே மருத்துவமனையில், பெரும்பாலும் அடுத்த அறையில். பிள்ளையின் சீட்டு வாங்கும் அன்றே உங்கள் பெயருக்கும் ஒரு சீட்டு வாங்கிவிடுங்கள்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, நாளைக் காலை ஏழு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போகும் பிள்ளைகளை நீர் அறிவீர். அவர்கள் அருகில் உட்கார்ந்து, எப்போதிலிருந்து என்று கேட்கும் பொறுமையை அந்த வீட்டுப் பெரியவர்களுக்குத் தாரும். விளையாட்டு அறைகளிலும் மருத்துவமனைகளிலும் அப்பிள்ளைகளோடு நேரம் செலவிடும் மருத்துவர்களுக்கும் ஆற்றுப்படுத்துநர்களுக்கும், அவர்கள் எச்சமயத்தவராயினும், உமது ஆவியைப் பொழிந்தருளும். எங்கள்மீது இரங்கும், எங்களுக்கு உதவும். ஆமென்.